கணக்குப் படித்த பிள்ளைக்குப் பயிற்சியே படிக்கட்டு

மலையகத்தில் கணக்கு என்பது எமக்குப் புதிய விடயமல்ல. பெரட்டுக்களத்தில் பேர் பதிவது, கொழுந்து நிறுப்பது, செக்ரோலில் முழுப்பேரா அரைப்பேரா என்று எழுதுவது, மாதமுடிவில் சம்பளத் துண்டு கொடுப்பது எல்லாமே கணக்குத்தான். 'கணக்கப்பிள்ளை' என்ற பெயரும் அதிலிருந்தே வந்தது. அந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று கணக்கீட்டைப் படித்துப் பட்டம் பெற்று, அதையே தொழிலாகக் கொள்ள முடியும். அதற்கான வழியை இக்கட்டுரையில் நோக்குவோம்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது, பல குடும்பங்கள் உறவுகளையும் வீட்டையும் ஒரே காலையில் இழந்தன. நிலம் இழந்த குடும்பம், சாதாரண தரம் முடித்த பிள்ளையைக் கொழும்புக் கடைக்கு அனுப்ப நினைப்பது இயல்பே. அடுப்பெரிய வேண்டுமல்லவா? ஆயினும் உயர்தர வர்த்தகப் பிரிவுக்கு ஆய்வுகூடம் தேவையில்லை. நல்ல ஆசிரியரும் பாடநூலும் இருந்தால் தோட்டப்புறப் பாடசாலையிலும் படிக்கலாம்.

மூன்று பாதைகள்

முதலாவது, பல்கலைக்கழகம். அனுமதி இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்பவும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. பதுளையும் மொனராகலையும் அப்பின்தங்கிய மாவட்டங்களில் அடங்கும். பிள்ளை எந்த மாவட்டத்தில் படித்தது என்பது கவனிக்கப்படுவதால், இடம்பெயர்ந்த குடும்பங்கள் பாடசாலை மாற்றுமுன் அதிபரிடம் விசாரிப்பது நல்லது. பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005இல் அமைக்கப்பட்டது.

இரண்டாவது, பதுளை உயர் தொழில்நுட்பவியல் நிறுவகம். இங்கே கணக்கியலில் உயர் தேசிய டிப்ளோமா படிக்கலாம்.

மூன்றாவது, தொழில்சார் பரீட்சைகள். 1987இல் தொடங்கிய கணக்கியல் தொழில்நுட்பவியலாளர் கழகத்தின் பரீட்சைகளைத் தமிழிலும் எழுதலாம். 1959இல் அமைந்த பட்டயக் கணக்காளர் நிறுவகத்தில் உறுப்பினராக வேண்டுமாயின், பரீட்சைகளில் தேறுவதோடு, அந்நிறுவகம் ஏற்றுக்கொண்ட இடத்தில் மூன்று ஆண்டுகள் செயன்முறைப் பயிற்சியும் பெற வேண்டும். பட்டதாரியும் இப்பாதையில் சேரலாம்.

உள்ளகப் பயிற்சி எதற்கு?

வகுப்பறையில் இலக்கங்கள் எல்லாம் கேள்வித்தாளிலேயே தரப்பட்டிருக்கும். அலுவலகத்தில் அப்படியல்ல. பற்றுச்சீட்டு காணாமற் போயிருக்கும். வங்கிக் கூற்று ஒன்று சொல்லும், காசேடு வேறொன்று சொல்லும். களஞ்சியத்தில் எண்ணினால் உரமூடை குறையும். ஏன் என்று தேடிக் கண்டுபிடிப்பதே கணக்காளரின் வேலை. இதைப் பழக்கும் இடமே உள்ளகப் பயிற்சி.

இன்னொரு நன்மையும் உண்டு. எமது பிள்ளைகளுக்குச் சிபாரிசு செய்ய மாமனோ சித்தப்பனோ அலுவலகங்களில் இல்லை. ஆறு மாதமோ ஒரு வருடமோ நேரம் தவறாமல் வந்து, இரகசியம் காத்து, பிழையை மறைக்காமல் சொன்ன மாணவரை மேலாளர் நேரிற் காண்கிறார். இடம் வெற்றாகும்போது முதலில் நினைவுக்கு வருபவர் அவரே. அங்கே வேலை கிடைக்காவிட்டாலும், அவர் தரும் கடிதம் அடுத்த நேர்முகப் பரீட்சையில் பேசும்.

கவனிக்க வேண்டியவை

பயிற்சிக்குக் கிடைப்பது கொடுப்பனவு மட்டுமே; அது பெரும்பாலும் அறை வாடகைக்கும் பஸ்ஸுக்கும் போதாது. ஆகவே வெளியூரில் இடம் தேடுமுன் பதுளை, பண்டாரவளை நகரங்களின் கணக்காய்வு அலுவலகங்கள், கூட்டுறவுச் சங்கங்கள், தோட்டக் கம்பனிகள் ஆகியவற்றில் விண்ணப்பிப்பது நன்று. சேருமுன் எழுத்துமூலக் கடிதம் கேளுங்கள்: எத்தனை மாதம், எவ்வளவு கொடுப்பனவு, யார் மேற்பார்வை? பட்டயக் கணக்காளர் பயிற்சியாயின், அவ்விடம் நிறுவகத்தின் அங்கீகாரம் பெற்றதா என்று பார்க்க வேண்டும். இல்லையேல் செலவழித்த காலம் கணக்கில் வராது. தேநீர் வாங்கவும் போட்டோப் பிரதி எடுக்கவும் மட்டுமே பயன்படுத்தினால், மாணவர் தமது விரிவுரையாளரிடம் தயங்காமல் முறையிட வேண்டும். செய்த வேலையை நாள்தோறும் குறித்து, மேற்பார்வையாளரின் கையொப்பம் பெறுவதும் அவசியம். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கடிதம் எழுதப் பழகுவது பாதி வெற்றி.

வீட்டிலேயே தொடங்கலாம்

பெற்றோரே, உங்கள் சம்பளத் துண்டைப் பிள்ளையிடம் கொடுங்கள். சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து குறைந்தது 8 வீதம், தொழில்தருநரிடமிருந்து குறைந்தது 12 வீதம்; நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில்தருநர் தனியே 3 வீதம். அதாவது 30,000 ரூபாவுக்கு உங்களிடம் 2,400 ரூபா பிடித்தால், அவர்கள் 3,600 ரூபாவும் 900 ரூபாவும் செலுத்த வேண்டும். இதைச் சரிபார்க்கும் பிள்ளை கணக்காய்வின் முதற்பாடத்தைப் படித்துவிட்டது.

மண்ணோடு போன பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்திலும், பரீட்சைப் பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்திலும் இப்போதே பெற்று வையுங்கள். விண்ணப்பம் கோரும் நாளில் அலைவதால் தவறிப்போகும் வாய்ப்புகள் பல. நிலம் திரும்பக் கிடைக்கக் காலம் எடுக்கலாம். அதுவரை பிள்ளையின் படிப்பைக் காத்திருக்க வைக்காதிருப்போம்.