கல்லின் கதையும் கண்ணீர்க் கடனும்

அயல்மொழியிற் பிறந்த கதையொன்றை மொழிபெயர்ப்பிற் படிக்கும் வாசகன் எவ்விடத்தில் வழி தவறுகின்றான், எவ்விடத்தில் விழிப்படைகின்றான் என்பதை அவனே வாய்திறந்து சொன்னாலன்றிப் பிறர் அறிதல் அரிது. பெரும்பாலோர் சொல்வதில்லை, விளங்காத பக்கங்களை விளங்கியவர்போலக் கடந்து சென்றுவிடுவர். சீனத்தின் மிகப் புகழ்பெற்ற காதற் கதையும் அதிசயக் கதையுமாகிய "செம்மாடக் கனவு" என்னும் நாவலைப் பொறுத்தவரையில், ஒளிக்காமற் சொல்லிவைத்த வாசகர் ஒருவர் உளர். அவர் ஆர்ஜென்ரீன நாட்டு எழுத்தாளராகிய ஹோர்ஹே லூயிஸ் போர்ஹெஸ்.

புவனஸ் ஐரிஸ் நகரில் "எல் ஓகார்" என்றொரு வார இதழ் வெளிவந்துகொண்டிருந்தது. இல்லம் என்பது அப்பெயரின் பொருள். அவ்விதழில் 1936 முதல் 1939 வரை அயல்நாட்டு நூல்களை அறிமுகஞ்செய்யும் பக்கத்தை எழுதிவந்தவர் போர்ஹெஸ். 1937 நவம்பரில் அவர் எடுத்துக்கொண்ட நூல் இந்தச் சீன நாவல். அவருக்குச் சீனம் தெரியாது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் ஜெனீவாவில் வாழ்ந்தபோது தாமே முயன்று கற்ற ஜேர்மன் மொழியே துணை. பிரான்ஸ் கூன் என்பவர் நாவலைப் பெரிதும் சுருக்கி 1932இல் ஜேர்மன் மொழியில் வெளியிட்டிருந்தார். அதனைப் படித்துத் தம் எண்ணங்களை ஸ்பானிய மொழியில் எழுதினார் போர்ஹெஸ்.

அவர் சொன்னதைக் கேட்குமுன் நூலின் கதையைச் சிறிது அறிந்துகொள்ளல் வேண்டும். நாவலை இயற்றியவர் பதினெட்டாம் நூற்றாண்டினராகிய சாவ் சுவேசின். அவருடைய பாட்டனார் காங்சி பேரரசரின் நம்பிக்கைக்கு உரியவராய், நாஞ்சிங் நகரில் அரண்மனைக்கு வேண்டிய பட்டு நெசவை மேற்பார்வை செய்தவர். அடுத்த பேரரசர் ஆட்சியில், 1728ஆம் ஆண்டளவில், குடும்பத்தின் உடைமை யாவும் பறிக்கப்பட்டன. பேக்கிங்கில் வறுமையுற்று வாழ்ந்த சாவ், தாம் இழந்த மாளிகையை எழுத்திலே திரும்பக் கட்டினார். எண்பது அத்தியாயங்கள் கையெழுத்துப் படிகளாகவே கைமாறின. நூற்றிருபது அத்தியாயங்களுடன் நாவல் அச்சேறியது 1791இல். அப்போது ஆசிரியர் மறைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன. பின் நாற்பது அத்தியாயங்கள் யாருடைய கைவண்ணம் என்னும் வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை.

கதை மண்ணுலகில் தொடங்குவதன்று. வானம் பிளவுண்ட காலத்தில் நூவா என்னும் தேவி கற்களை உருக்கி அப்பிளவை அடைக்கின்றாள். 36,501 கற்களில் ஒன்று மட்டும் வேண்டப்படாமல் எஞ்சுகின்றது. தேவியின் கைபட்டு உணர்வுபெற்ற அக்கல், தான் மட்டும் தள்ளப்பட்டதை நினைந்து புலம்பிக் கிடக்கின்றது. ஒரு பௌத்தத் துறவியும் ஒரு தாவோ துறவியும் அதனை மனிதர் உலகுக்குக் கொண்டு செல்கின்றனர். சியா என்னும் பெருங்குடும்பத்தில், வாயில் ஜேட் மணிக்கல் ஒன்றுடன் ஆண்மகவு பிறக்கின்றது. அவனே நாயகன் பாவோயூ.

அதற்கும் முன், விண்ணுலகத்து ஆற்றங்கரையில் செம்மணிச் செடியொன்று வாடி நின்றது. தேவ ஏவலன் ஒருவன் அதன்மேல் இரங்கி நாள்தோறும் பனிநீர் வார்த்தான். செடி தழைத்துப் பெண்ணுருப் பெற்றது. ஏவலன் மனிதனாய்ப் பிறக்கப்போவதை அறிந்த அப்பெண், தானும் உடன்பிறந்து, வாங்கிய நீருக்கு ஈடாக ஓர் ஆயுளின் கண்ணீர் முழுவதையும் அவனுக்கே கொடுத்துக் கடன் தீர்ப்பதென உறுதிகொண்டாள். அவளே, தாயை இழந்து பாட்டியின் மாளிகைக்கு வந்துசேரும் தையூ. முதற் சந்திப்பிலேயே இருவருக்கும் மற்றவர் முகம் முன்பே பழகிய முகமாகத் தோன்றுகின்றது. பாவோயூவோ அதை வாய்விட்டே சொல்லிவிடுகிறான், பாட்டியார் நகைக்கிறார்.

இனிப் போர்ஹெஸ் கண்டதைப் பார்ப்போம். கல்லின் பிறப்பைக் கூறும் தொடக்கம் அவரைக் கவர்ந்தது. பின்னர் கதை சியா மாளிகைக்குள் நுழைகின்றது. சிறு பாத்திரங்கள் மொய்க்கத் தொடங்குகின்றன. யார் எவர் என்று பிரித்தறிய இயலவில்லை. முற்றத்துக்குப் பின் முற்றமாக விரியும் பெரிய வீட்டினுள் வழி தவறியவர் நிலைதான் தமது நிலை என அவர் ஒப்புக்கொள்கிறார். நாற்சார் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அவ்வுவமை எளிதில் விளங்கும். அத்தகைய வீடுகள் பத்தினை ஒன்றோடொன்று பிணைத்துவிட்டால் எப்படியோ அப்படி.

அவரை விழிக்கச்செய்தது ஐந்தாம் அத்தியாயம். சிறுவன் பாவோயூ உறங்கி, மாயவெளியின் தேவதை ஒருத்தியின் நாட்டுக்குச் செல்கிறான். தன்னைச் சூழ்ந்த பெண்கள் அனைவரின் விதியும் எழுதப்பட்ட ஏடுகளை அங்கே புரட்டுகிறான். படித்தும் பொருள் விளங்காமலே திரும்புகிறான். இவ்விடத்திற்றான் இதை எழுதியவர் பெரும் கலைஞர் என்பது போர்ஹெசுக்கு உறுதியாயிற்று. அடுத்து அவரை உலுக்கியது கண்ணாடியின் கதை. தகாத ஆசையால் நோயுற்ற சியா ருய் என்பவனுக்குத் தாவோ துறவியொருவர் கண்ணாடி ஒன்றைக் கொடுத்து, பின்புறத்தை மட்டுமே பார்க்கவேண்டும் என எச்சரிக்கிறார். பின்புறத்தில் தெரிவது மண்டையோடு. முன்புறத்திலோ அவன் விரும்பிய பெண் நின்று கையசைத்து அழைக்கிறாள். அவன் எந்தப் பக்கத்தைப் பார்த்தான் என்பதை ஊகிப்பது கடினமன்று. பார்த்துப் பார்த்தே உயிர்விடுகிறான். எட்கார் அலன் போ, காஃப்கா ஆகியோருடன் ஒருங்கு வைத்து எண்ணத்தக்க பகுதி இது எனப் போர்ஹெஸ் மதித்தார்.

கனவுகளைப் பற்றி அவர் கூறுவது நுட்பமானது. இது கனவு என ஆசிரியர் முன்னறிவித்தல் இல்லை. ஆதலால் கனவு காண்பவன் விழிக்கும்வரை வாசகரும் அதனை நிகழ்ச்சியென்றே நம்பியிருக்கின்றனர். சீனத்தில் அதிசய நாவல் என்றொரு தனி வகை கிடையாது, எந்த நாவலும் எங்கேனும் ஓரிடத்தில் அதிசயத்தைத் தொட்டே செல்கின்றது என்பதும் அவர் கருத்து. மணிபல்லவத்திலே மணிமேகலை தன் முற்பிறப்பை உணர்வதையும், தன்னைத் தொடர்ந்த உதயகுமரனே அப்பிறப்பில் தன் கணவன் என அறிவதையும் படித்துப் பழகியவர்கட்கு இதில் வியப்பில்லை. அங்கும் பௌத்தம், இங்கும் பௌத்தம்.

1940இல் போர்ஹெஸ் தம் நண்பர் இருவருடன் அதிசயக் கதைகளின் தொகுப்பொன்றை வெளியிட்டபோது இந்நாவலிலிருந்து இரண்டு சிறு பகுதிகளைச் சேர்த்துக்கொண்டார். ஒன்று மேற்சொன்ன கண்ணாடிக் கதை. மற்றது, பாவோயூ தன் தோட்டத்தை ஒத்த தோட்டத்தில், தன்னையே ஒத்த இன்னொரு பாவோயூவைக் காணும் கனவு. அந்த மற்றவனும் அப்பொழுதுதான் இவனைக் கனவிற் கண்டு எழுந்திருக்கிறான். இரண்டும் சிறந்த தேர்வுகளே. ஆயினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கல்லையும் கனவையும் கண்ணாடியையும் கைநிறைய அள்ளிக்கொண்ட அந்தக் கூரிய வாசகர், நாவல் முழுவதிலும் அழுதுகொண்டிருக்கும் தையூவின் பக்கம் நிற்கவேயில்லை. காமத்தில் அலைந்த ஒருவன் ஈற்றில் துறவால் மீளும் கதை என்றே அவர் நூலைச் சுருக்கினார். அது பாதிக் கதை.

மறு பாதியைப் பிடித்துக்கொண்டவர்களும் உளர். 1929இல் வாங் சீசென் ஆங்கிலத்தில் வெளியிட்ட சுருக்கம் பாவோயூ, தையூ காதலையே முதன்மையாக்கி, மற்றவற்றைப் பெரிதும் ஒதுக்கியது. இவ்வாறு ஒருவர் அதிசயத்தை எடுத்துக் காதலை விட்டார். மற்றவர் காதலை எடுத்து ஏனையவற்றைக் குறைத்தார். நூலில் இவை பிரிந்து கிடப்பவையல்ல. விண்ணுலகக் கடனை மறந்துவிட்டால் தையூ வெறும் நோயாளிப் பெண், சிறு சொல்லுக்கும் முகந்திருப்பி அழுபவள், படிப்போர் பொறுமையிழப்பர். கடனை நினைவில் வைத்திருப்பவருக்கோ ஒவ்வொரு துளியும் கணக்கில் வரவாகின்றது. கண்ணீர் வற்றும் நாளே அவளுடைய இறுதிநாள் என்பதும் முன்னரே தெரிந்துவிடுகின்றது.

போர்ஹெஸ் வழி தவறிய முற்றங்களுக்கு இப்போது திரும்பலாம். நானூறுக்கு மேற்பட்ட பாத்திரங்கள் நடமாடும் மாளிகையில் வழிகாட்டுபவை உறவுமுறைச் சொற்களே. ஐரோப்பிய மொழிகள் இங்கேதான் கைவிடுகின்றன. தையூவும் ஆங்கிலத்தில் "கசின்". அவளுக்குப் போட்டியாக வந்துசேரும் பாவோசாயும் "கசின்". மூலத்தில் தையூ பாவோயூவுடைய தந்தையின் தங்கை மகள். பாவோசாயோ தாயின் தங்கை மகள். இருபதாம் அத்தியாயத்தில், ஊடி நிற்கும் தையூவைத் தேற்றும் பாவோயூ இதையே எடுத்துக்காட்டுகிறான்: தந்தைவழி உறவான நீதான் நெருங்கியவள், தாயின் தங்கை வழியில் வந்தவள் சற்று விலகியவள் என்பது அவன் வாதம். "கசின்" என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு படிப்பவருக்கு அவ்வாதத்தின் சுவை எங்ஙனம் கிட்டும்?

தமிழிற் படிப்பவருக்கு வேறொரு சங்கடம் உண்டு. மாமி மகள் மச்சாள், உரிமையுள்ள பெண். சின்னம்மா மகளோ உடன்பிறப்பு. பாவோசாய் வயதில் மூத்தவளாதலால் தமிழ் முறைப்படி அவள் அக்காளே. நாவலில் நிகழ்வது என்ன? மணிக்கல் தொலைந்து பாவோயூவின் சித்தம் கலங்கியிருக்கும் வேளையில், தையூவையே மணமுடிப்பதாக அவனிடம் சொல்லி, முகத்திரையிட்ட மணப்பெண்ணாகப் பாவோசாயைக் கொண்டுவந்து நிறுத்துகின்றனர் பெரியவர்கள். திரையை விலக்கியபோது இருப்பவள் வேறு. அதே நேரத்தில், வேறொரு மனையில், தன் கவிதைகளைத் தீயிலிட்டுவிட்டுத் தையூ உயிர்விடுகிறாள். சீன வாசகருக்கு இது வஞ்சகம்; முறைகேடு அன்று. சீனர் உறவைக் குலப்பெயரால் பிரிப்பவர்கள். வேற்றுக் குலப்பெயர் உடையவராதலின் இரு பெண்களும் மணமுடிக்கத்தக்கவர்களே. "சின்னம்மா மகளை மணந்தான்" என்று தமிழில் வெறுமனே எழுதினால், மூலத்தில் இல்லாத அருவருப்பு ஒன்று கதையில் ஏறிவிடும். பாவோசாய் அதற்குத் தகுந்தவள் அல்லள். அவளும் ஏமாற்றுக்கு இரையானவளே. ஆகவே தமிழாக்குபவர் சீனரின் குலப்பெயர் முறையைத் தொடக்கத்திலேயே இரண்டொரு வாக்கியங்களில் விளக்கிவிடுவது நன்று. அவ்வளவு செய்தாற்போதும், எஞ்சிய முற்றங்களிலெல்லாம் தமிழ் வாசகர் தாமே வழி கண்டு நடப்பர்.

வேறு சில இடங்களிலும் தமிழுக்கு வழி எளிது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திற் சீனப் பேராசிரியராயிருந்த டேவிட் ஹோக்ஸ் 1971இல் பதவியையே துறந்து இந்நாவலை ஆங்கிலமாக்குவதில் இறங்கினார். அவருடைய மூன்று தொகுதிகள் 1973 முதல் 1980 வரை வெளிவந்தன. எஞ்சிய இரண்டையும் அவர் மருமகன் ஜோன் மின்போர்ட் 1986இல் நிறைவுசெய்தார். நூலெங்கும் பரவிக்கிடக்கும் செந்நிறம் ஹோக்சுக்குத் தொல்லையாயிற்று. சீனருக்குச் சிவப்பு இளமையும் மங்கலமும் ஆகும். ஆங்கிலேயர் செவிக்கு அப்பொருள் வராது. ஆதலால் பாவோயூ வாழும் "செம்மகிழ் மனை" ஆங்கிலத்தில் பசுமை மனையாயிற்று. நூலின் பெயரும் "கல்லின் கதை" என்று மாறியது. பேக்கிங்கிலிருந்து, கலாசாரப் புரட்சிக் காலத்தில் நான்காண்டு சிறையிலிருந்து மீண்ட யாங் சியன்யீயும் அவர் மனைவி கிளாடிசும் 1978 முதல் வெளியிட்ட மொழிபெயர்ப்பிற் சிவப்பு சிவப்பாகவே இருந்தது. குங்குமமும் செந்நிறக் கூறையும் அறிந்த மொழியில், செம்மை என்னும் ஒரு சொல்லே நிறத்தையும் நேர்மையையும் குறிக்கும் மொழியில், நிறத்தை மாற்றவேண்டிய தேவை எழாது.

போர்ஹெசுக்கு நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னரே இந்நூலைப் படித்துத் தம் மனநிலையை எழுதிவைத்த வாசகர் ஒருவர் இருந்தார். கையெழுத்துப் படிகளின் ஓரங்களில் குறிப்பெழுதிய அவர் "செம்மைக்கல்" என்ற புனைபெயரால் அறியப்படுகிறார். மைக்கல் என்பது சீனர் மை உரைக்கும் கல். ஆசிரியரின் நெருங்கிய உறவினராயிருத்தல் வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. கதையிற் சில நிகழ்ச்சிகள் தம் கண்முன் நடந்தவையெனக் குறிப்பிடும் அவர், பல பக்கங்களில் தாம் அழுததையும் மறைக்கவில்லை. சாவ் சுவேசின் நூலை முடிக்குமுன்னரே, ஆண்டிறுதி இரவொன்றில், கண்ணீர் வற்றி மறைந்தார் என்பது அவர் தரும் செய்தி. தமது கண்ணீரும் வற்றும் தறுவாயில் இருப்பதாக அதனோடு சேர்த்து எழுதினார். தையூ பட்ட கடனை ஆசிரியரும், ஆசிரியர் பட்ட கடனை வாசகரும் ஏற்றுக்கொண்டதுபோல் இருக்கின்றது இச்செய்தி. மொழிபெயர்ப்புகள் பலவற்றில் இக்குறிப்புகள் இடம்பெறுவதில்லை.

நாவலுக்குள்ளேயும் ஒரு வாசகர் அமர்ந்திருக்கிறார். மண்ணுலக வாழ்வை முடித்துக்கொண்டு திரும்பிய கல், தன் கதையைத் தன்மேலேயே பொறித்துக்கொண்டு மலையடியிற் கிடக்கின்றது. பல யுகங்கள் சென்றபின் அவ்வழியே வரும் தாவோ துறவி ஒருவர் அதனை வாசிக்கிறார். வெறுமை என்னும் பொருள்பட அமைந்தது அவர் பெயர். முதலிற் குறைதான் சொல்கிறார்: எந்த அரசர் காலத்தது என்ற குறிப்பில்லை, நாட்டை ஆண்ட சான்றோர் எவரும் இதில் வரவில்லை, சில பெண்களின் காதலும் பேதைமையுமே உள்ளன என்கிறார். கல் அவருடன் வாதாடுகின்றது. அவர் மறுபடியும் தொடக்கத்திலிருந்து படிக்கிறார். படித்து முடித்ததும் ஓரெழுத்து விடாமற் படியெடுத்துக்கொண்டு செல்கிறார். அதன்பின் அவர் பழைய பெயரை வைத்திருக்கவில்லை. காதற்றுறவி எனத் தம்மை அழைத்துக்கொண்டு, அப்பெயரையே நூலுக்கும் சூட்டுகிறார்.