நிரலின் வரி ஒழுங்கு

பெங்களூர் அல்சூர் ஏரிக்கு அருகே 2009-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற வள்ளுவர் சிலையை நேயர்களில் பலர் பார்த்திருக்கக்கூடும். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நானும் என் தமக்கையின் மகனும் அப்பக்கம் உலவச் செல்வதுண்டு. அவன் இந்நகரில் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். நானோ கலைப் பட்டதாரி. மைய அரசின் மொழிபெயர்ப்பு அலுவலில் இருப்பவன். கணிப்பொறியைத் தட்டச்சுப் பொறிக்கு மேற்பட்ட ஒன்றாக நான் நெடுநாள் கருதியதில்லை.

வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு மாலை அவன் முகம் வாடியிருந்தது. காரணம் வினவினேன்.

“நான் எழுதிய நிரல் தவறு என்று ஒருவரும் சொல்லவில்லை, மாமா. வரியைப் போதிய அளவு உள்ளே தள்ளவில்லை, அடைப்புக்குறியை அடுத்த வரியில் போட்டுவிட்டாய், காற்புள்ளிக்குப் பின் இடம் விடவில்லை என்று பதினெட்டுக் குறிப்புகள் எழுதியிருக்கிறார்கள். நிரல் என்ன செய்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை” என்றான்.

அவன் தமிழ் வழியில் பயின்று, ஆங்கிலத்தை முயன்று கற்று, இவ்வூருக்கு வந்தவன். அவனுடைய குழுவிலே கன்னடத்தார், வங்காளியர், மலையாளிகள், பஞ்சாபியர் எனப் பலரும் உண்டு. ஒவ்வொருவரும் தத்தம் கல்லூரியில் கற்ற வழக்கப்படி எழுதினர். தன் வரி அமைப்பைப் பற்றிய குறிப்புகளைத் தன் பேச்சின் ஒலிப்பைப் பற்றிய ஏளனமாகவே அவன் எடுத்துக்கொண்டான் என்பது எனக்குப் பின்னரே விளங்கிற்று. வெளிமாநிலத்தில் வாழும் தமிழர்க்கு இந்த மனநிலையை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இத்துயருக்கு ஒரு சிறு கருவி மருந்தாயிற்று. அதனைப் பற்றியே இங்குக் கூற விரும்புகிறேன்.

நிரல் என்பது யாது? கணிப்பொறி இன்னின்ன செய்ய வேண்டும் என்று மனிதன் எழுதி வைக்கும் உரை. அதனைத் தொகுப்பி என்னும் வேறொரு மென்பொருள் படித்துப் பொறிக்கு விளங்கும் வடிவில் மாற்றித் தருகிறது. வியப்பு என்னவெனில், பெரும்பாலான நிரல்மொழிகளில் இத்தொகுப்பிக்குச் சொற்களைப் பிரித்தறியும் அளவுக்கு இடைவெளி இருந்தாற் போதும். வரி பிரித்தலும் பத்தி பிரித்தலும் பொருட்டல்ல. ஆயிரம் கட்டளைகளை ஒரே வரியாக நெருக்கி எழுதினாலும் அது முகஞ்சுளியாமல் படித்துவிடும்.

நம் பழைய ஏட்டுச்சுவடிகளை நினைவு கூர்க. அவற்றில் சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை; பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியும் இல்லை; அடி முடிந்த இடமும் தெரிவதில்லை. அத்தகைய ஏடுகளோடு போராடித்தான் உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். பின்னர் 1950-களில் மர்ரே நிறுவனத்து எஸ். ராஜம் அவர்கள் பழந்தமிழ் நூல்களைச் சந்தி பிரித்து மலிவு விலையில் வெளியிட்டபோது, பாடல் மாறவில்லை. படிப்பவர் தொகைதான் பெருகிற்று. சந்தி பிரித்தால் ஓசை கெடும் என்னும் வாதத்திலும் நியாயம் உண்டு. நிரலுக்கு ஓசை இல்லை என்பதால் அங்கு அந்த வாதம் எழுவதில்லை.

ஆக, வரி ஒழுங்கு பொறிக்காக அன்று, மனிதனுக்காக. ஒரு நிரலை எழுதுபவர் ஒருவர். அதனைப் பின்னாளில் திறந்து பார்த்துத் திருத்துபவர் பலர். 1985-இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் பெங்களூரில் நிலையம் அமைத்துச் செயற்கைக்கோள் வழியே கடல் கடந்து தகவல் அனுப்பத் தொடங்கிய நாள் முதல், இந்நகரில் எழுதப்படுவதை வேற்று நாட்டிலுள்ளார் படிப்பதும் அவர் எழுதியதை இங்குள்ளார் படிப்பதும் அன்றாட வழக்கமாகிவிட்டன.

கண்ணுக்குத் தோன்றும் அமைப்பும் பொறி கொள்ளும் பொருளும் வேறுபட்டால் என்ன நேரும்? வீட்டுப் பணியாளுக்கு ஒருவர் இவ்வாறு குறிப்பு எழுதி வைக்கிறார் எனக் கொள்வோம். ‘மழை பெய்தால்’ என்பது முதல் வரி. அதன் கீழே, சற்று உள்ளே தள்ளி, ‘துணிகளை எடு’ என்பது இரண்டாம் வரி. அதற்கும் கீழே, அதே அளவு தள்ளி, ‘சன்னலைச் சாத்து’ என்பது மூன்றாம் வரி. மழை பெய்தால்தான் இரண்டும் செய்யத்தக்கவை என்று நாம் கொள்வோம். ஆனால் ‘சி’ என்னும் நிரல்மொழியின் இலக்கணப்படி, அடைப்புக்குறிகளால் கட்டப்படாத நிபந்தனை அடுத்து வரும் ஒரே கட்டளையைத்தான் ஆளும். மூன்றாம் வரி எவ்வளவு உள்ளே தள்ளியிருந்தாலும், வெயில் காய்ந்தாலும் சன்னல் சாத்தப்படும்.

இது வெறும் கற்பனையன்று. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசிகளுக்கு அவசரமாகத் திருத்தம் ஒன்று வெளியிட நேர்ந்தது. வங்கி போன்ற இணையதளங்களோடு பாதுகாப்பாகத் தொடர்பு கொள்ளும்போது, எதிர்முனையில் இருப்பது மெய்யான தளமா, போலியா என்று கையொப்பச் சோதனை நடத்தும் பகுதியில் ஒரு வரி தவறுதலாக இரு முறை இடம்பெற்றிருந்தது. ‘பிழையெனில் வெளியேறு’ என்பதன் கீழ் ‘வெளியேறு’ என்னும் கட்டளை மீண்டும் ஒருமுறை. உள்ளே தள்ளப்பட்டிருந்ததால் அதுவும் நிபந்தனைக்கு உட்பட்டது போலவே தோன்றிற்று. உண்மையில் பிழை இருப்பினும் இல்லாவிடினும் நிரல் அவ்விடத்தே வெளியேறியது. இறுதிச் சோதனை நடைபெறவே இல்லை. அதுவரை பிழை எண் பூச்சியமாக இருந்தபடியால், சோதனை தேறியதாகவே விடையும் வந்தது. வரி ஒழுங்குக் கருவி ஒன்று அந்நிரலின்மேல் ஓடியிருந்தால், அந்த இரண்டாம் வரியை இடப்புறம் இழுத்து, நிபந்தனைக்கு வெளியே நிறுத்திக் காட்டியிருக்கும். பிழையைத் தானே திருத்தியிராது. ஆயின் படிப்பவர் கண்ணில் அது உறுத்தியிருக்கும். 2016-இல் வெளிவந்த ஜிசிசி தொகுப்பியின் ஆறாம் பதிப்பு, இவ்வாறு மயக்கந்தரும் உள்தள்ளலைக் கண்டால் எச்சரிக்கும் வசதியோடு வந்தது.

இக்கருவிகள் புதியனவல்ல. சி மொழிக்கென ‘இன்டென்ட்’ என்னும் கருவியை 1976-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டேவிட் வில்காக்ஸ் என்பார் எழுதினார். ஆனால் அதற்கு எண்ணற்ற விருப்பத் தெரிவுகள் இருந்தன. அடைப்புக்குறி எங்கு நிற்க வேண்டும், எத்தனை இடம் தள்ள வேண்டும் என்பதையெல்லாம் பயன்படுத்துவோரே முடிவு செய்யலாம். விளைவு? முன்பு கையால் நடந்த சச்சரவு இப்போது கருவியின் தெரிவுகளைப் பற்றி நடந்தது.

2009 நவம்பரில் கூகுள் நிறுவனம் வெளியிட்ட கோ என்னும் மொழி இதற்கு வேறொரு வழி கண்டது. ராபர்ட் கிரீஸ்மர், ராப் பைக், கென் தாம்சன் ஆகிய மூவர் ஆக்கிய மொழி அது. மொழியோடு கூடவே ஒரு வரி ஒழுங்குக் கருவியையும் அளித்தார்கள். வரி அமைப்பைப் பற்றிய தெரிவு எதுவும் இன்று அதில் இல்லை. உள்தள்ளுவதற்கு டேப் விசை; அவ்வளவே. ‘எனக்கு நான்கு இடம் போதும்’ என்று முறையிட அங்கு வாயில் இல்லை. கோஃபம்ட் என்பது அக்கருவியின் பெயர். ‘ஃபார்மேட்’ என்னும் சொல்லின் உயிரெழுத்துகளையும் ‘ஆர்’ என்னும் எழுத்தையும் உதிர்த்துவிட்டு, ஜி, ஓ, எஃப், எம், டி என்னும் ஐந்து எழுத்துகளால் எழுதுவார்கள். உயிரின்றி மெய்யை எப்படி ஒலிப்பது என்று தமிழன் கேட்கலாம்; கணிப்பொறித் துறையார்க்கு அக்கவலை இல்லை.

பெங்களூரிலும் இம்மொழி நன்றாக வேரூன்றியிருக்கிறது. இந்நகரில் இயங்கும் ஸெரோதா என்னும் பங்கு வணிக நிறுவனம் அதனைப் பயன்படுத்துகிறது. அந்நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவர் கைலாஷ் நாத் ஆக்கி, எவரும் எடுத்துப் படிக்கத் திறந்து வைத்துள்ள லிஸ்ட்மாங்க் என்னும் மென்பொருளின் அடிப்படைப் பகுதி கோ மொழியில் அமைந்ததே.

என் மருமகன் இருந்த குழுவும் கோ மொழிக்கு மாறிற்று. பின்னொரு மாலையில் தன் மடிக்கணினியைத் திறந்து எனக்குக் காட்டினான். படங்களும் பொத்தான்களும் இல்லாத கருந்திரை, ‘டெர்மினல்’ என்கிறார்கள். கருவியின் பெயர், ஓர் இடைவெளி, கோப்பின் பெயர்; பிறகு ‘என்டர்’ விசை. ஒழுங்குபட்ட நிரல் திரையில் ஓடியது. கோப்பு மட்டும் பழையபடியே இருந்தது. பெயர்களுக்கு நடுவே ஒரு சிறு கோடும் ‘டபிள்யூ’ என்னும் எழுத்தும் சேர்த்தபோதுதான் கோப்பே மாறிற்று. அவ்விடத்தில் ‘எல்’ என்னும் எழுத்தை இட்டால் ஒழுங்கற்ற கோப்புகளின் பெயர்ப்பட்டியல் மட்டும் வரும். ‘டிஃப்’ என்பதன் முதலெழுத்தை இட்டால், எந்த வரி எவ்வாறு மாறும் என்பதைக் கழித்தல், கூட்டல் குறிகளோடு காட்டும்.

“கண நேரத்தில் எப்படிச் செய்கிறது?” என்றேன்.

“நீங்கள் பள்ளியில் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று வாக்கியத்தைப் பிரித்தீர்கள் அல்லவா, மாமா? அதுபோல் முதலில் நிரல் முழுவதையும் பிரித்து ஒரு மரமாகக் கட்டும். எதற்குள் எது அடங்குகிறது என்று மரத்துக்குத் தெரியும். பிறகு அந்த மரத்தைப் பார்த்து நிரலைப் புதிதாக எழுதும்” என்றான்.

அடைப்புக்குறி ஒன்றைத் திறந்துவிட்டு மூடாமல் விட்டால் மரம் கட்ட இயலாது. அப்போது கருவி ஒன்றும் மாற்றாமல், இத்தனையாம் வரியில் பிழை என்று மட்டும் சொல்லி நின்றுவிடும். மற்றொரு சிக்கல், நிரலிடையே மனிதர்க்கென எழுதப்படும் விளக்கக் குறிப்புகள். தொகுப்பி அவற்றைத் தள்ளிவிட்டுப் போகலாம், இக்கருவி தள்ளலாகாது. மரத்தில் இடமில்லாத அக்குறிப்புகளை அவற்றிற்குரிய கிளைக்கு அருகிலேயே மீண்டும் வைக்க வேண்டும். இத்தொழிலில் கடினமான பகுதி இதுவே என்கிறார்கள். உரையாசிரியரின் ஓரக் குறிப்பு மூலத்தோடு கலந்துவிடாமல் காத்த பதிப்பாசிரியர்கள் இதனை நன்கு உணர்வார்கள்.

பதினெட்டுக் குறிப்புகள் அத்தோடு நின்றன. யார் எழுதிய நிரலும் ஒரே கையெழுத்தில் எழுதியது போலாயிற்று. ஒருவர் கை பழகிய அழகு இதில் மறைந்துபோகிறது என்பதில் எனக்குச் சிறு வருத்தம் உண்டு. என் மருமகனுக்கு அது சிறிதும் இல்லை.

ஆயினும் அவனுக்கு ஓர் இடர் வந்தது. இக்கருவியைக் கையாண்ட முறையால் வந்தது. சென்ற ஆண்டு, எவரும் ஒழுங்குபடுத்தாத ஒரு பழைய கோப்பில் ஒரே ஒரு நிபந்தனையை மாற்றும் பணி அவனுக்குக் கிடைத்தது. கடன் தவணையைக் கெடு நாளிலோ அதற்கு முன்போ கட்டியவர்க்குத் தாமதக் கட்டணம் கூடாது என்பது நிபந்தனை. ‘குறைவு அல்லது சமம்’ என்னும் குறி வேண்டிய இடத்தில் ‘குறைவு’ என்னும் குறியை மட்டும் இட்டுவிட்டான். கோப்பைச் சேமித்த நொடியில் வரி ஒழுங்குக் கருவியும் தானே ஓடி, கோப்பு முழுவதையும் மாற்றிற்று. மேற்பார்வையாளர் முன் வந்த மாற்றங்கள் ஆயிரம் வரிக்கு மேல். ‘வரி ஒழுங்குதானே’ என்று அவர் ஒப்பமிட்டார். மாத முடிவில், கெடு நாளன்றே பணம் கட்டிய சிறு வணிகர்கள் பலர்மீது தாமதக் கட்டணம் விழுந்தது. பணம் திரும்பத் தரப்பட்டது. இரண்டு இரவுகள் அவன் உறங்கவில்லை. தகுதிகாண் பருவமும் மூன்று மாதம் நீண்டது.

இதைக் கேட்டபோது நான் முன்பு பணியாற்றிய ஓர் அலுவலகம் நினைவுக்கு வந்தது. சரிபார்த்து அனுப்பிய சுற்றறிக்கை, பத்திகள் முழுதும் மாற்றித் தட்டச்சாகித் திரும்பி வந்தது. ‘கொடுக்கலாம்’ என்று நான் எழுதியிருந்த ஓரிடம் ‘கொடுக்க வேண்டும்’ என்று மாறியிருந்ததை நான் காணவில்லை. எல்லாம் மாறியிருக்கும்போது எது மாறிற்று என்று தெரிவதில்லை.

ஆகவே இத்துறையார் கைக்கொள்ளும் முறை இது: பழைய கோப்புகளை ஒழுங்குபடுத்துவதைத் தனியொரு மாற்றமாகப் பதிவு செய்வது, பொருள் மாற்றத்தை அதன்பின் வேறாகப் பதிவு செய்வது. கிட் என்னும் பதிவேட்டு மென்பொருளில் 2019 முதல் மேலும் ஒரு வசதி உண்டு. எந்த வரியை யார் எழுதினார் என்று தேடும்போது, வெறும் ஒழுங்குபடுத்திய பதிவுகளை விட்டுவிட்டு, மெய்யாக எழுதியவர் பெயரைக் காட்டுமாறு அதற்குச் சொல்லி வைக்கலாம். என் மருமகனின் குழுவில் இப்போது சேமிக்கும்போது கருவி தானே ஓடுவதில்லை. நிரலை ஒப்படைக்கும் வாயிலில் ‘எல்’ குறியோடு அது ஓடுகிறது. பட்டியலில் ஒரு பெயரேனும் வந்தால் நிரல் திரும்பிவிடும்.

தில்லியிலோ மும்பையிலோ புனேயிலோ இருந்துகொண்டு நிரல் பயிலும் மக்களையுடைய நேயர்கள், பிள்ளைகளுக்கு இவற்றைச் சொல்லலாம். கோ மொழியை நிறுவினால் கோஃபம்ட் உடன் வந்துவிடும். சி மொழிக்குக் கிளாங்-ஃபார்மேட் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குப் பிரெட்டியர். பைத்தானுக்குப் பிளாக் என்னும் கருவி உண்டு. ஆனால் பைத்தானில் உள்தள்ளலே இலக்கணம். எந்த வரி எதற்குள் அடங்கும் என்பதை எழுதுபவரே முடிவு செய்கிறார். மழைக்குரிய வரியை வெளியே எழுதிவிட்டால் எந்தக் கருவியும் அதனை உள்ளே கொண்டுவராது. எம்மொழியாயினும், முதன்முறை ஓட்டுமுன் கோப்புக்கு ஒரு படி எடுத்து வைத்துக்கொள்வது நலம். கோஃபம்ட் கருவியாயின், கோப்பை மாற்றும் குறியை இடுவதற்கு முன், வேறுபாட்டைக் காட்டும் குறியை இட்டு, என்ன மாறவிருக்கிறது என்று ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.