விண்வெளிக் கல்வியும் நான்காம் பிரிவும்

விண்வெளி அறிவியலுக்கு அரசு அளிக்கும் ஆதரவைப் பற்றிப் பேசுவோர் ஏவூர்திகளையே எண்ணுகிறார்கள். அந்தப் பொதுப் பணத்தில் யார் படிக்கிறார்கள் என்று நாம் கேட்க வேண்டியிருக்கிறது. விடையின் ஒரு பகுதி ஒரு சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது.

மத்தியக் கல்வி நிறுவனங்களின் மாணவர் சேர்க்கையில் பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு இடங்களை 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு ஒதுக்குகிறது. அடுத்த பிரிவோ, உயர்சிறப்பும் உத்திசார் முக்கியத்துவமும் கொண்டவை என்று கூறிச் சில நிறுவனங்களுக்கு விலக்களிக்கிறது. விலக்குப் பெற்றவற்றில் மூன்று விண்வெளித் துறையைச் சார்ந்தவை: அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம், திருவனந்தபுரம் விண்வெளி இயற்பியல் ஆய்வகம், டேராடூன் இந்தியத் தொலையுணர்வு நிறுவனம். ஆசிரியர் பணியிடங்களுக்கான 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் இதே விலக்கைத் தொடர்கிறது. (இரண்டாவது ஆய்வகம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் அங்கம். அம்மையம் வேரூன்றிய தும்பா, மீனவ மக்கள் விட்டுக்கொடுத்த மண்.)

இடஒதுக்கீடு வந்தால் தரம் தாழும் என்பதே இவ்விலக்கின் உள்ளுறை வாதம். விண்வெளித் துறையே இதற்கு மறுப்பு வைத்திருக்கிறது. இஸ்ரோவுக்குப் பொறியாளர்களை உருவாக்க 2007-இல் அதே திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்ட இந்திய விண்வெளி அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் அந்த அட்டவணையில் இல்லை; அதன் இளநிலைச் சேர்க்கையில் இடஒதுக்கீடு உண்டு. அங்கே படித்தவர்கள் இஸ்ரோவின் மையங்களில் பணியாற்றுகிறார்கள்.

தமிழ்நாட்டுச் சான்று இன்னும் தெளிவானது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோளான அனுசாட், 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி. சி-12 ஏவூர்தியில் சென்றது. எடை 40 கிலோ. இஸ்ரோவின் ஆதரவுடன் அதை உருவாக்கியது, 69 விழுக்காடு இடஒதுக்கீட்டின்படி மாணவர்களைச் சேர்க்கும் அண்ணா பல்கலைக்கழகம். அரசு ஆதரவும் சமூகநீதியும் ஒரே வளாகத்தில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் விலக்கின் எல்லை விரியப் பார்க்கிறது. ஆசிரியர் நியமன இடஒதுக்கீட்டிலிருந்து ஐ.ஐ.டி.களுக்கும் விலக்கு வேண்டும் என்று மத்திய அரசு அமைத்த குழு 2020-இல் பரிந்துரைத்தது. எனவே இது மூன்று ஆய்வகங்களோடு முடியும் செய்தி என்று மாணவர்கள் கருதிவிடலாகாது.

விண்வெளித் துறை தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது. இம்மூன்று நிறுவனங்களிலும் முனைவர் பட்ட ஆய்வில் இருக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் எத்தனை பேர் என்று ஆண்டுவாரியாகக் கேட்க ஒரு விண்ணப்பமும் 10 ரூபாயும் போதும்.