நம் எல்லைக் கடலில் ஓங்கிலும் திமிங்கிலமும்

திமிங்கிலம் பார்க்கத் திருகோணமலைக்குப் போக வேண்டும், டால்பின் பார்க்கக் கோவாவுக்குப் போக வேண்டும் என்றுதான் நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் அவற்றைச் சுற்றியுள்ள எல்லையோர ஊர்களிலும் குடியிருக்கும் நம் சங்கத்துக் குடும்பங்களுக்குக் கடல் ஒன்றும் தூரத்தில் இல்லை. பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் பூவாற்றிலோ பொழியூரிலோ கொல்லங்கோட்டிலோ காலை நனைத்துவிடலாம். அந்தக் கடலிலேயே இவை இரண்டும் இருக்கின்றன. ஆனால் எங்கே, எந்தப் படகில், எந்தக் காலத்தில் பார்ப்பது என்பதுதான் கேள்வி. பிள்ளைகளோடு விடுமுறைப் பயணம் போகும் அன்பர்களுக்கு உதவும் என்று நான் கண்டதையும் படித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர். டால்பினை இராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கத்து மீனவர்கள் ஓங்கில் என்பார்கள். நம் பகுதியில் தமிழிலும் சரி, மலையாளத்திலும் சரி, கடல்பன்றி என்பதே பேச்சு வழக்கு. இத்தனை அழகான பிராணிக்கு இந்தப் பெயரா என்று எனக்கு எப்போதும் ஒரு மனக்குறை உண்டு. ஆகவே இக்கட்டுரையில் ஓங்கில் என்றே எழுதுகிறேன். ஓங்கிலும் திமிங்கிலமும் மீன்கள் அல்ல. நம்மைப் போலவே காற்றைச் சுவாசித்து, குட்டிக்குப் பால் கொடுப்பவை. மூச்சு வாங்க அவை மேலே வந்தே ஆக வேண்டும் என்பதால்தான் படகில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அவற்றைப் பார்க்கும் யோகம் வாய்க்கிறது.

நம் ஊர்க் கரையிலிருந்து நேராகக் கடலுக்குள் போகும் பயணிகள் படகு கிடையாது. விழிஞ்ஞத்துக்குத் தெற்கே கரை திறந்த கரை. அலை ஓங்கி அடிக்கும். பூவாற்றில் சுற்றுலாப் படகுகள் எத்தனையோ ஓடுகின்றன என்றாலும் அவை நெய்யாற்றின் கழிமுகத்திலேயே சுற்றி, பொழியின் மணல்திட்டு வரை வந்து திரும்பிவிடும். அந்தப் படகில் நீர்க்காகமும் கொக்கும் மீன்கொத்தியும் நிறையப் பார்க்கலாம். ஓங்கில் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பிக் காசு கொடுக்காதீர்கள். மணல்திட்டில் இறங்கிக் கடலைப் பார்த்தபடி அரைமணி நேரம் நின்றால் ஒருவேளை காணக்கிடைக்கலாம். அதற்குப் படகுக்காரர் பொறுமை காட்ட வேண்டும்.

படகில் இருந்தபடியே ஓங்கில் பார்க்க வேண்டுமானால் என் முதல் சிபாரிசு கொச்சி. நெய்யாற்றின்கரையில் ரயில் ஏறி எர்ணாகுளத்தில் இறங்கி, ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடையே ஓடும் ஜங்காரில் ஏறுங்கள். 2018 முதல் ‘சேது சாகர்’ என்ற பெயரில் ரோ-ரோ ஜங்கார்கள் அங்கே ஓடுகின்றன. 2023-இல் தொடங்கிய வாட்டர் மெட்ரோவின் படகும் வைப்பினுக்குப் போகிறது. அக்கரை சேர ஐந்தாறு நிமிடம்தான் ஆகும். ஆனால் அந்த இடம் கொச்சிக் காயல் கடலோடு கலக்கும் வாய். பெருங்கப்பல்கள் துறைமுகத்துக்குள் நுழைவதும் அந்த வழியேதான். ஏற்றத் தண்ணீரோடு உள்ளே வரும் மீன்களைத் துரத்திக்கொண்டு கூன்முதுகு ஓங்கில்கள் அங்கே வரும்.

இந்த இனம் ஆழ்கடலுக்குப் போகாது. கரையை ஒட்டி, ஆற்று முகங்களில், ஆழம் குறைந்த நீரிலேயே வாழ்நாளைக் கழிக்கும். நிறம் ஈயச் சாம்பல். முதுகில் மாட்டின் திமிலைப் போல ஒரு மேடு, அதன்மேல் சிறியதொரு துடுப்பு. சினிமாவில் காட்டுவதைப் போல வானத்தில் துள்ளிக் கரணம் போடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். நீண்ட மூக்கு முதலில் தெரியும், அடுத்து முதுகு வளையும், ‘புஸ்’ என்று ஒரு மூச்சு, அவ்வளவுதான், மறைந்துவிடும். நான் போன நான்கு தடவைகளில் மூன்று தடவை பார்த்தேன். ஒரு தடவை தாயும் குட்டியுமாகச் சீன வலைகளுக்கு வெகு அருகில் வந்தன. ஜங்காரில் இருந்த ஆபீஸ்காரர்கள் ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. அவர்களுக்கு அது தினசரிக் காட்சி போலும்! உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழியும் நிலையில் உள்ளதாகப் பட்டியலிட்ட இனம் இது. கரையோரமே அதன் வீடு என்பதால் நம் சாக்கடையும் வலையும் படகுச் சத்தமும் முதலில் போய்ச் சேர்வது அதற்குத்தான். ஜங்காரில் ஒரு தரம் போய் இறங்கிவிடாதீர்கள். டிக்கெட் பெரிய விலையில்லை, நாலைந்து முறை போய் வாருங்கள். அல்லது ஃபோர்ட் கொச்சிக் கரையில் நடைபாதையில் நின்று பாருங்கள்.

கன்னியாகுமரியைச் சொல்லாமல் விட்டால் நம்மவர்கள் கோபித்துக்கொள்வார்கள். பூம்புகார் கப்பல் கழகம் 1984 முதல் விவேகானந்தர் பாறைக்குப் படகு விடுகிறது. அந்தப் படகில் கூட்டமும் சத்தமும் அதிகம், தூரமோ கூப்பிடு தூரம். ஏறி உட்காருவதற்குள் இறங்கச் சொல்வார்கள். பாறைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு தென்மேற்கு மூலையில் நின்று கடலைப் பார்ப்பதே மேல். பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைத்து 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலத்தில் எல்லோரும் காலுக்குக் கீழே பார்த்துக்கொண்டு போகிறார்கள். நீங்கள் தொலைவில் பாருங்கள்.

வசதியும் நேரமும் உள்ளவர்களுக்கு லட்சத்தீவுக் கப்பல் உண்டு. கொச்சியிலிருந்து எம்.வி. கவரத்தி முதலிய கப்பல்கள் போகின்றன. தீவைப் பொறுத்து 14 முதல் 18 மணி நேரம் வரை ஆகும். முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அந்தக் கப்பலில் விடியும் நேரத்தில் மேல்தளத்துக்கு வந்துவிடுங்கள். ஆழ்கடலில் இருப்பது வேறு ஜாதி ஓங்கில். மெல்லிய உடல், நீண்ட அலகு. நீரைவிட்டு எழும்பி உடம்பையே பம்பரமாகச் சுழற்றிவிட்டு விழும். பத்து, இருபதல்ல, சில வேளை நூற்றுக்கணக்கில் வரும். கப்பலின் முன்முனை தள்ளும் நீரில் அவை சறுக்கிக்கொண்டு வந்ததை நான் ஒரு விடியற்காலையில் கண்டேன். பக்கத்தில் நின்ற ஒரு பாட்டியம்மா, “பிள்ளையளு ஓடிவாற மாதிரியே இருக்கே” என்றார். அதைவிட நன்றாகச் சொல்ல எனக்கு வராது.

பார்ப்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை நம் பக்கத்துக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அலை நுரைக்கும்போது பத்தடி தூரத்தில் வந்தாலும் தெரியாது. காலை வேளையே நல்லது. வெயில் முதுகுப் பக்கம் இருக்கும்படி உட்காருங்கள். ஒரே இடத்தை உற்றுப் பார்க்காமல், வயலில் காவல் இருப்பவன் பார்ப்பதைப் போல இடமிருந்து வலமாகக் கண்ணை ஓட்டுங்கள். கடல் ஆலாக்கள் ஓரிடத்தில் கூடி நீரில் பாய்ந்துகொண்டிருந்தால் கீழே மீன் கூட்டம் இருக்கிறது. மீன் இருந்தால் ஓங்கில் இருக்கக்கூடும். ஒரு முதுகு தெரிந்து மறைந்துவிட்டால் ‘போய்விட்டது’ என்று பையைத் தூக்காதீர்கள். இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள், மூச்சுக்கு வந்தாக வேண்டும். சின்ன பைனாகுலர் ஒன்று இருந்தால் பிள்ளைகளுக்குள் சண்டை வரும், அதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி திமிங்கிலம். இதைக் கண்ணால் காண்பது அபூர்வம். ஆனால் 2021-இல் விழிஞ்ஞம் கடலில் ஓர் அதிசயம் நடந்தது. கடல் பாலூட்டி ஆய்வாளர் திபானி சுதாரியா உள்ளிட்டோர் நீருக்கடியில் ஒலிவாங்கிக் கருவியை இறக்கி வைத்திருந்தனர். அதை எடுத்துக் கேட்டபோது நீலத் திமிங்கிலத்தின் குரல் பதிவாகியிருந்தது. உலகில் இன்றுள்ள உயிர்களிலெல்லாம் பெரியது நீலத் திமிங்கிலம். அது பாடும் சுருதி மிகவும் தாழ்ந்தது. பதிவை வேகமாக ஓட்டினால் நமக்கு நன்றாகக் கேட்கும். அதே ஆண்டில் திவ்யா பணிக்கர் என்ற ஆய்வாளரும் லட்சத்தீவுக் கடலில் செய்த பதிவுகளை வெளியிட்டார். அங்கே நீலத் திமிங்கிலங்களின் பாட்டு ஏப்ரல், மே மாதங்களில் மிகுதியாகக் கேட்டதாம். இலங்கைக் கடலில் பாடும் அதே ‘ராகம்’ அது. ஆக, நாம் பொழியூர் மணலில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் சற்றுத் தொலைவில் அவை பாடிக்கொண்டு போகின்றன என்று சொன்னால் மிகையில்லை.

1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு உள்ளிட்ட நான்கு தாலுகாக்கள் அந்தப் பக்கம் போக, நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் நின்றது நாம் எல்லோரும் அறிந்த கதை. எல்லைக்கல் பொழியூருக்கும் நீரோடிக்கும் இடையே மணலோடு முடிந்துவிடுகிறது. ஓங்கிலுக்கும் திமிங்கிலத்துக்கும் கேரளமும் கிடையாது, தமிழ்நாடும் கிடையாது, இலங்கையும் கிடையாது. எனவே ஓரிடத்தில் செய்த நன்மையும் தீமையும் மற்ற இடத்துக்கும் சேர்ந்துவிடுகிறது.

எனக்குள்ள கவலை இதுதான். விழிஞ்ஞத்தில் துறைமுகம் கட்டியதற்கே காரணம், கரைக்கு அருகிலேயே இயற்கையான ஆழம் இருப்பதும், கிழக்கு மேற்காகப் போகும் உலகக் கப்பல் பாதை அங்கிருந்து ஏறத்தாழ 10 கடல் மைல் தூரத்தில் இருப்பதுமே. 2025 மே 2-ஆம் தேதி துறைமுகம் முறைப்படி திறக்கப்பட்டது. நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும், ஊர் வளரும் என்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான். அதே சமயம் இலங்கையின் தென்முனையான தேவேந்திரமுனைக்கு அப்பால் நடந்ததையும் மறக்கக்கூடாது. அங்கே நீலத் திமிங்கிலங்கள் இரை தேடும் இடமும் கப்பல் பாதையும் ஒன்றாகிவிட்டதால், கப்பல் மோதித் திமிங்கிலங்கள் இறப்பதை இலங்கை ஆய்வாளர் ஆஷா டி வோஸ் போன்றவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். 2022-இல் எம்.எஸ்.சி. என்ற மிகப் பெரிய கப்பல் நிறுவனம் தன் கப்பல்களை ஏறத்தாழ 15 கடல் மைல் தெற்கே தள்ளிப் போகும்படி மாற்றிக்கொண்டது. அதே எம்.எஸ்.சி.யின் கப்பல்கள்தாம் இன்று விழிஞ்ஞத்துக்கும் வரிசையாக வருகின்றன. அங்கே முடிந்தது இங்கேயும் முடியாதா? அதற்கு எந்த மாதத்தில் திமிங்கிலம் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிய வேண்டும். ஆண்டு முழுவதும் நீருக்கடியில் காது வைத்துக் கேட்டால்தான் தெரியும். துறைமுகத்துக்குச் செலவிட்ட பணத்தோடு ஒப்பிட்டால் அந்தக் கருவிகளின் செலவு கறிவேப்பிலைக் கொத்துக்குச் சமானம்.

மீனவர்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று அறிய நீரோடியில் ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். “அண்ணாச்சி, கடல்பன்றியால உங்களுக்கு லாபமா நட்டமா?” என்றேன். அவர் சிரித்தார். “ரெண்டும் உண்டு சாரே. அது சாடுற எடத்துல சூரை இருக்கும். நாங்க அதப் பாத்துதான் வள்ளத்தத் திருப்புவோம். ஆனா வலையில மீனு கெடந்தா கடிச்சுக் கீறிட்டுப் போயிரும். ஒரு நாளு பாடெல்லாம் போச்சு. இருந்தாலும் அதக் கொல்லுறதுக்கு மனசு வராது.” சுற்றுலாப் படகுகள் துரத்துவதைப் பற்றிக் கேட்டேன். “ஒச்சை போட்டா அது தாண்டு போவும். எஞ்சின நிறுத்திட்டு சும்மா கெடந்தா, அதுவே வந்து பாக்கும்” என்றார். வலை கிழிந்த நட்டத்தை யாரும் அவருக்கு ஈடு செய்யப்போவதில்லை என்பதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். வாடகைப் படகு எடுக்கும் அன்பர்கள் அவர் சொன்னதைப் படகோட்டியிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கூட்டத்துக்கு நடுவே படகை விடச் சொல்லாதீர்கள். குட்டி இருந்தால் கிட்டே போகவே வேண்டாம்.

இன்னும் இரண்டு செய்திகள். 2022 ஜூலையில் விழிஞ்ஞம் மீனவர்களுக்குக் கடலில் 28 கிலோவுக்கு மேல் அம்பர்கிரிஸ் கிடைத்தது. நம் சித்த வைத்தியத்தில் மீனம்பர் என்பது இதுவே. பெருந்தலைத் திமிங்கிலத்தின் குடலில் உண்டாகும் மெழுகு போன்ற பொருள். கோடிக்கணக்கில் விலை சொல்வார்கள். அவர்களோ அதைக் கரைக்குக் கொண்டுவந்து அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் அதை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். வாங்கித் தருகிறேன் என்று யாரேனும் வீட்டுக்கு வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மற்றது, கரை ஒதுங்கும் திமிங்கிலம். 1973 ஜனவரியில் தூத்துக்குடிக்குத் தெற்கே மணப்பாடு பக்கம் 147 திமிங்கிலங்கள் ஒதுங்கின. 2016 ஜனவரியில் அதே கரையில் மறுபடி எண்பதுக்கு மேல். மீனவர்கள் பாடுபட்டு ஆழத்துக்கு இழுத்துவிட்டவற்றில் பல திரும்பவும் கரைக்கே வந்தன. நம் கரையில் அப்படி ஒன்றைக் கண்டால் வாலைப் பிடித்து இழுக்காதீர்கள். வாலை இழுத்தால் எலும்பு விலகும். தலைமேல் உள்ள மூச்சுத் துளையில் மணலோ தண்ணீரோ போகாமல், உடம்பில் மட்டும் ஈரத்துணி போட்டு நனைத்துக்கொண்டிருங்கள். கூட்டத்தை விலக்கி, வனத்துறைக்கோ கடலோரப் போலீசுக்கோ உடனே ஆள் அனுப்புங்கள். பக்கத்தில் நின்று படம் எடுப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கொச்சிக்குப் போகிறவர்கள் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், எத்தனை கண்டீர்கள், குட்டி இருந்ததா என்பதைக் குறித்து வாருங்கள். கூன்முதுகா, சுழலும் ஜாதியா என்று தெரியாவிட்டால் துடுப்பு எப்படி இருந்தது என்று பிள்ளைகளை வரையச் சொல்லுங்கள். ஒன்றும் காணாத நாளையும் எழுதுங்கள். கணக்கில் அதுவும் சேரும்.