அன்னபூரணி அமெரிக்கா போன கதை!

வல்வெட்டித்துறையில் பிறந்த பாய்மரக் கப்பல், ஒரு தம்பதியின் கனவோடு அட்லாண்டிக் கடலைத் தாண்டியது எப்படி?

பேரையூர் பக்கத்தில் கடல் கிடையாது. தண்ணீர் என்றால் கண்மாய்; அலை என்றால் மழைக்காலத்தில் கண்மாய்க் கரையில் மோதுகிற சிற்றலை. அந்த ஊர்க் குழந்தைகள் பலர் கடலை முதன்முதலில் பார்ப்பது ஆடி அமாவாசைக்கோ தை அமாவாசைக்கோ குடும்பத்தோடு ராமேஸ்வரம் போகும்போதுதான். பாம்பன் பாலத்தில் வண்டி ஏறியதும் தூங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகளைத் தட்டி எழுப்பி, "அங்க பாரு, கடலு!" என்று காட்டாத தாத்தா, பாட்டி உண்டா?

அந்தப் பாலத்தில் நின்று வடகிழக்கே பார்த்தால் தண்ணீரும் வானமும் ஒட்டும் கோடு மட்டும்தான் தெரியும். அந்தக் கோட்டுக்கு அப்பால், யாழ்ப்பாணத்தின் வடக்குக் கரையில் இருக்கிறது வல்வெட்டித்துறை. அங்கே கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்மரக் கப்பல்தான் 1938-ல் ஐந்து தமிழ் மாலுமிகளோடு அமெரிக்கக் கரையைத் தொட்டது. அந்தப் பயணத்துக்குக் காரணம், கடல்மேல் காதல் கொண்ட ஒரு கணவனும் மனைவியும்.

'கனவு' என்று ஒரு படகு

சொந்தப் படகில் கரையோரமாகப் பயணம் போவது மேலை நாடுகளில் பலருக்கும் பிடித்த பொழுதுபோக்கு. வடக்கு ஸ்பெயினின் கலீசியா கடற்கரையில், கோடை வந்தால் கணவனும் மனைவியும் பாய்மரப் படகை எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்த நண்பர்களையும் ஏற்றிக்கொண்டு, துறைமுகம் துறைமுகமாகப் போய்வருவதை இன்றும் பார்க்கலாம். நாம் விருந்தாளிகளை மாட்டுத்தாவணியில் பஸ் ஏற்றி அழகர்கோவிலுக்கு அழைத்துப் போவதுபோல.

வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் இந்தப் பொழுதுபோக்கை வாழ்க்கையாகவே மாற்றிக்கொண்டவர். 1902-ல் பிறந்த இந்த அமெரிக்க இன்ஜினீயர், 1928-ல் 32 அடி நீளமே உள்ள ஒரு பாய்மரப் படகில் உலகைச் சுற்றக் கிளம்பினார். படகின் பெயர் 'ஸ்வாப்'. 'கனவு' என்ற பொருளில் சமஸ்கிருதத்திலிருந்து எடுத்து வைத்த பெயர். பசிபிக், இந்தியப் பெருங்கடல், செங்கடல், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் என்று சுற்றி, 1931 நவம்பரில் நியூயார்க் திரும்பினார். அதுவரை உலகைச் சுற்றிய படகுகளில் மிகச் சிறியவற்றுள் அதுவும் ஒன்று. அந்த அனுபவத்தை அவர் புத்தகமாக எழுத, அமெரிக்காவில் அவர் பெயர் பிரபலமானது.

பிறகு திருமணம். மனைவி ஃபுளோரன்ஸ் கிரேன், பெரும் பணக்கார வீட்டுப் பெண். குழாய், வால்வு தயாரிப்பில் பெயர்பெற்ற கிரேன் குடும்பத்துக்கு, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் இப்ஸ்விச் கடற்கரைக் குன்றின்மேல் 59 அறைகள் கொண்ட மாளிகை இருந்தது. அந்தக் குடும்பத்தில் வளர்ந்தவர், கணவரோடு 32 அடிப் படகில் குடித்தனம் நடத்தக் கிளம்பிவிட்டார். தென் அமெரிக்காவுக்கு மேற்கே, பெரிய ஆமைகளுக்குப் பெயர்போன கலாபகாஸ் தீவுகளை நோக்கி அவர்கள் போனார்கள். உடன் ஓர் உறவினரும் வந்தார்.

ஆளில்லாத தீவில் ஓர் ஆபத்து

1934. கலாபகாஸின் இசபெலா தீவில், டேகஸ் கோவ் என்ற ஒதுக்கமான குடாவில் படகு நங்கூரமிட்டிருந்தது. ராபின்சனுக்குத் திடீரென்று கடும் வயிற்றுவலி. குடல்வால் அழன்று வெடித்துவிட்டது. ஆஸ்பத்திரி இருக்கும் பனாமா, ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் தூரத்தில். படகில் டாக்டர் இல்லை, உதவி கேட்டுச் செய்தி அனுப்பவும் வழியில்லை. பக்கத்தில் மனைவியும் அந்த உறவினரும் மட்டும்.

கிருமிகளைக் கொல்லும் பென்சிலின் போன்ற மருந்துகள் புழக்கத்துக்கு வராத காலம் அது. குடல்வால் வெடித்தால் நகரத்து ஆஸ்பத்திரியில் இருப்பவர்களே பிழைப்பது கஷ்டம். அந்த நேரத்தில், சூரை மீன் பிடிக்கும் அமெரிக்கப் படகு ஒன்று தற்செயலாக அந்தக் குடாவுக்குள் வந்தது. அதில் ரேடியோ இருந்தது. செய்தி பனாமாவுக்குப் பறந்தது. அங்கிருந்து கடல் விமானத்தில் டாக்டர்கள் வந்து இறங்கினார்கள். 'ஹேல்' என்ற போர்க்கப்பலும் விரைந்து வந்தது. அறுவை சிகிச்சை நடந்து, ராபின்சன் உயிர் பிழைத்தார். அமெரிக்கப் பத்திரிகைகளில் அன்றைக்கு இது பெரிய செய்தி.

உயிர் திரும்பியது, 'கனவு' திரும்பவில்லை. கலாபகாஸில் விட்டுவந்த 'ஸ்வாப்' படகை அவர் இழந்துவிட்டார்.

இவ்வளவுக்குப் பிறகு, கடல் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட யாரும் தவறாக நினைத்திருக்க மாட்டார்கள். அந்தத் தம்பதி மறுபடியும் கப்பல் தேடினார்கள். இந்த முறை இன்னும் பெரிய கப்பல். தேடல் அவர்களை இலங்கைக்குக் கொண்டுவந்தது.

ஓடாவிகளின் கைக்கணக்கு

வல்வெட்டித்துறை சிறிய ஊர்தான். ஆனால், கப்பல் கட்டுவதிலும் ஓட்டுவதிலும் அதற்குப் பெரிய பெயர். நாகப்பட்டினம், காக்கிநாடா, ரங்கூன் என்று வங்கக் கடலின் துறைமுகங்களுக்கெல்லாம் அந்த ஊர்ப் பாய்க்கப்பல்கள் போய்வந்தன. பர்மாவிலிருந்து அரிசி மூட்டைகள் வரும். இந்தியக் கரையிலிருந்து ஓடும் மற்ற சரக்குகளும் வரும்.

கப்பல் கட்டும் தச்சர்களைத் தமிழ்க் கடற்கரையில் ஓடாவி என்பார்கள். காகிதத்தில் வரைபடம் போடும் பழக்கம் அவர்களிடம் இல்லை. தாத்தா, அப்பா என்று கைமாறி வந்த கணக்குதான் எல்லாம். வேம்பு, இலுப்பை, புன்னை போன்ற மரங்களின் இயல்பு அவர்களுக்கு அத்துப்படி. எந்த மரத்தின் வளைவு எந்த இடத்துக்கு ஆகும் என்று நின்ற மரத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். பலகைகளுக்கு நடுவே பஞ்சைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் பூசி அடைத்தால் தண்ணீர் உள்ளே வராது.

இப்படி 1930-ல் உருவானதுதான் அன்னபூரணி. நீளம் 89 அடி, அகலம் 19 அடி. இரண்டு டவுன் பஸ்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் வரும் நீளத்தைவிடச் சற்றே கூடுதல். அரிசி சுமக்கும் கடலில் ஓடப்போகும் கப்பலுக்கு அன்னம் படைக்கும் தாயின் பெயர்.

உலகைச் சுற்றிய ராபின்சனின் கண்கள் எத்தனையோ கப்பல்களைப் பார்த்திருக்கும். அந்தக் கண்களுக்கு இந்தக் கப்பல் பிடித்துப்போனது. விலைக்கு வாங்கினார். மனைவியின் பெயரையே அதற்கு வைத்தார்: 'ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்'. நடுவில் வரும் 'சி', பிறந்த வீட்டுப் பெயரான கிரேன்.

கப்பல் வாங்கியாயிற்று. அதை ஓட்டத் தெரிந்த ஆட்கள் வேண்டுமே? அதற்கும் வல்வெட்டித்துறைதான்.

ஐந்து பேர், மூன்று கடல்கள்

ஊரில் கப்பல் தலைவரைத் தண்டையல் என்பார்கள். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையின் தலைமையில் அந்த ஊர் மாலுமிகள் இந்தப் பயணத்தில் சேர்ந்தார்கள். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று நான்கு திசைக் காற்றுக்கும் பெயர் வைத்துப் பழகியவர்கள் அவர்கள். எந்த மாதம் எந்தக் காற்று எங்கே கொண்டுசேர்க்கும் என்பது வங்கக் கடலில் அவர்களுக்குப் பாடம். இப்போது போக வேண்டியதோ, அந்தப் பாடத்தில் இல்லாத கடல்கள்.

அரபிக் கடலைத் தாண்டினால் செங்கடல். அதன் வடபாதியில் ஆண்டின் பெரும்பகுதி வடக்கிலிருந்தே காற்று அடிக்கும். சூயஸ் நோக்கிப் போகும் பாய்க்கப்பலுக்கு அது எதிர்க்காற்று. நேராகப் போக முடியாது. இடப்பக்கம் கொஞ்ச தூரம், வலப்பக்கம் கொஞ்ச தூரம் என்று பாயைத் திருப்பித் திருப்பி, வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும். மலைப்பாதையில் வண்டி கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவதுபோலத்தான். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஆட்கள் ஒன்றுகூடிக் கயிறு இழுக்க வேண்டும், பகலானாலும் இரவானாலும்.

சூயஸ் கால்வாயைக் கடந்தால் மத்தியதரைக் கடல். அதன் மேற்குக் கோடியில், ஸ்பெயினின் தென்முனையை ஒட்டி ஜிப்ரால்டர். ஸ்பெயினில் அப்போது உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. 1936-ல் மூண்ட அந்தப் போர் 1939 வரை ஓயவில்லை. அந்தக் கடலில் வணிகக் கப்பல்களும் தாக்கப்பட்ட காலம் அது.

ஜிப்ரால்டருக்கு அப்பால் அட்லாண்டிக். நடுக்கடலில் பெர்முடா தீவு. அதையும் தாண்டினால் அமெரிக்கா. அந்தக் கடைசிக் கட்டத்தில் கப்பலை நடத்தியவர் டொனால்ட் மக்கூயிஷ் என்ற அமெரிக்க கேப்டன். அவரோடு இருந்தவர்கள் வல்வெட்டித்துறைக்காரர்கள் ஐந்து பேர். மொத்தம் ஆறே பேர். நீராவிக் கப்பல்கள் உலகத்தையே இணைத்துவிட்ட காலத்தில், காற்றை நம்பி, கையால் கயிறு இழுத்து, அவர்கள் அட்லாண்டிக்கைக் கடந்தார்கள்.

1938 ஆகஸ்ட் 1, திங்கட்கிழமை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்துக்குள் கப்பல் நுழைந்தது. இப்ஸ்விச்சில் இருக்கும் ஃபுளோரன்ஸின் பிறந்த வீட்டுக்கு அங்கிருந்து அதிக தூரமில்லை. அந்த ஊர்க்காரர்களுக்குப் பாய்க்கப்பல் புதிதல்ல. ஆனால், இப்படி ஒரு கப்பலையும் இப்படிப்பட்ட மாலுமிகளையும் அவர்கள் எங்கே பார்த்திருப்பார்கள்? பாஸ்டன் பத்திரிகையில் செய்தி வந்தது. அடுத்த ஆண்டே இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. சற்றுத் தாமதித்திருந்தால் இந்தப் பயணமே நடந்திருக்காது.

காத்திருந்தவர்கள்

குளோஸ்டரும் வல்வெட்டித்துறையைப் போலவே கடலோடிகளின் ஊர். துறைமுகத்தைப் பார்த்தபடி, சுக்கானைப் பிடித்து நிற்கும் மீனவரின் சிலை ஒன்று 1925 முதல் அங்கே இருக்கிறது. கடலில் மாண்ட ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மீனவர்களின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. அன்னபூரணி வந்தபோது அந்தச் சிலை நின்றுகொண்டுதான் இருந்தது.

2001-ல் அதே கடற்கரையில் இன்னொரு சிலையும் வைத்தார்கள். குழந்தைகளோடு கடலைப் பார்த்து நிற்கும் ஒரு மீனவர் மனைவி. போனவர்களுக்குச் சிலை வைத்த ஊர், காத்திருந்தவர்களுக்கும் சிலை வைக்க எழுபத்தாறு ஆண்டுகள் ஆயின.

வல்வெட்டித்துறையிலும் பெண்கள் காத்திருந்திருப்பார்கள். செல்போன் கிடையாது. செய்தி வந்தால்தான் உண்டு. வராத நாளெல்லாம் கோயிலும் நேர்த்திக்கடனும்தான். ஒரு மனைவி கணவரோடு கடலில் போனாள். அவள் பெயர் கப்பலில் ஏறியது. கரையிலேயே நின்ற மனைவிமார்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

பிறகு என்ன ஆயிற்று?

இது 'சுபம்' போட்டு முடிகிற கதை அல்ல. ராபின்சனும் ஃபுளோரன்ஸும் பின்னால் பிரிந்தார்கள். 1943-ல் ஃபுளோரன்ஸ் வேறொருவரை மணந்தார். ராபின்சன் இப்ஸ்விச்சில் கப்பல் கட்டும் தளம் நடத்தினார். 'வாருவா' என்ற 70 அடிப் பாய்க்கப்பலைக் கட்டி, போர் முடிந்ததும் அதில் பசிபிக்கின் தஹிதி தீவுக்குப் போனார். அந்தத் தீவு மக்களை வாட்டிய யானைக்கால் நோயை ஒழிக்கும் ஆராய்ச்சிக்குத் துணை நின்றார். 1988-ல் காலமானார்.

வல்வெட்டித்துறையில் பாய்க்கப்பல்களின் காலமும் முடிந்தது. இன்ஜின் வந்தது, பர்மா வணிகம் நின்றது, பிறகு நீண்ட போர். வரைபடம் இல்லாமல் கையில் மட்டுமே இருந்த கணக்கு, கைகளோடு போய்விட்டது. ஆனால், கதை போகவில்லை. எங்கள் ஊர்க் கப்பல் அமெரிக்கா போனது என்று அந்த ஊரில் இன்றும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள்.

பாய்விரித்துப் போகும் ஆசையும் தீரவில்லை. இந்தியக் கடற்படையின் தில்னா, ரூபா என்ற இரு பெண் அதிகாரிகள், 56 அடி நீளமுள்ள 'தாரிணி' படகில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றிவிட்டு 2025 மே மாதம் திரும்பினார்கள். அதில் ரூபா, புதுச்சேரியைச் சேர்ந்தவர்.

அன்னபூரணி பிறந்த கரைக்குப் போவது இப்போது எளிது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். சுமார் 110 கிலோமீட்டர். சில மணி நேரப் பயணம். காங்கேசன்துறையில் இறங்கிக் கரையோரமாகவே கிழக்கே போனால் வல்வெட்டித்துறை வந்துவிடும்.

அதுவரை பாம்பன் பாலம் இருக்கிறது. அடுத்த அமாவாசைக்கு வண்டி பாலத்தில் ஏறும்போது, பிள்ளைகளை எழுப்பிக் கடலைக் காட்டுவதோடு நிறுத்த வேண்டாம். வடகிழக்கே கைநீட்டி, அன்னபூரணி கதையையும் சொல்லலாம். வண்டி மண்டபத்திலிருந்து அக்கரை சேர்வதற்குள் சொல்லி முடித்துவிடலாம்!