சிபாப் கருவியும் கன்ன வீக்கமும்

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து, மூச்சுப்பாதை அடைபட்டு, மூச்சு அடிக்கடி நின்று நின்று வருவது தூக்க மூச்சுத்தடை நோய். உரத்த குறட்டையும் பகல் தூக்கமும் இதன் அறிகுறிகள். முகமூடி வழியே காற்றை அழுத்தத்துடன் செலுத்தித் தொண்டை மூடாமல் காக்கிறது சிபாப் கருவி. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981இல் இந்தச் சிகிச்சையை வெளியிட்டார். கருவியின் அழுத்தம் பொதுவாக 4 முதல் 20 செ.மீ. நீர்மட்ட அளவுக்குள் இருக்கும்.

இந்தக் காற்று உமிழ்நீர்ச் சுரப்பிகளை இரண்டு விதமாகப் பாதிக்கக்கூடும். முதலாவது வறட்சி, பலருக்கும் வருவது இதுதான். தூக்கத்தில் உமிழ்நீர் மிகக் குறைவாகவே சுரக்கும். வாய் திறந்து காற்று கசிந்தால் அந்தக் கொஞ்ச ஈரமும் உலர்ந்துவிடும். வறட்சி நீடித்தால் பல் சொத்தையாகும்; உமிழ்நீர் தேங்கும் குழாயில் கிருமி ஏறிச் சுரப்பி அழற்சி உண்டாகலாம்.

இரண்டாவது, சுரப்பிக்குள்ளேயே காற்று புகுவது. இது அரிது. காதுக்கு முன்னால் உள்ள பரோடிட் சுரப்பியிலிருந்து வரும் குழாய், கன்னத் தசையைத் துளைத்து, மேல் இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கு எதிரே திறக்கிறது. திறப்பில் உள்ள சவ்வு மடிப்பு காற்று உள்ளே போகாமல் தடுக்கும். வாய்க்குள் அழுத்தம் கூடும்போது சிலருக்கு அந்தத் தடுப்பு தோற்றுப்போகிறது. கண்ணாடி ஊதும் தொழிலாளர்களிடமும் டிரம்பெட் கலைஞர்களிடமும் முன்பே அறியப்பட்ட கோளாறு இது.

காலையில் எழும்போது ஒரு கன்னமோ இரண்டுமோ வீங்கியிருக்கும். பார்த்தால் பொன்னுக்கு வீங்கி போலத் தோன்றும். அழுத்தினால் நறநறவென்ற உணர்வும், குழாய் வாயில் நுரைத்த உமிழ்நீரும் காற்று புகுந்ததைக் காட்டிக்கொடுக்கும். சி.டி. ஸ்கேன் அதை உறுதிசெய்யும். பெரும்பாலும் வீக்கம் தானே வடிந்துவிடும். வெந்நீர் ஒத்தடம், மென்மையான நீவல், போதிய தண்ணீர் ஆகியவை உதவும். காய்ச்சலோ சீழோ இருந்தால் ஆன்டிபயாடிக் தேவைப்படும். திரும்பத் திரும்ப வந்தால் தொற்று ஏற்படலாம். மிக அரிதாகக் காற்று கழுத்துத் திசுக்களுக்கும் பரவும்.

காரணத்தைச் சரிசெய்வதே நிரந்தரத் தீர்வு. வாயையும் மூக்கையும் மூடும் முகமூடிக்குப் பதில் மூக்கு முகமூடி, மருத்துவர் சொல்லும் அளவுக்கு அழுத்தக் குறைப்பு, காற்றை ஈரப்படுத்தும் சாதனம், மூக்கடைப்புக்குச் சிகிச்சை ஆகியவை பலன் தரும். வீக்கத்துக்குப் பயந்து கருவியைத் தாமாகவே நிறுத்திவிடக் கூடாது; சிகிச்சை பெறாத மூச்சுத்தடை இரத்த அழுத்தத்தைக் கூட்டி, இதயத்தைப் பாதிக்கும்.