பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள்

"பிள்ளையளை ஒருக்கா றீ(ச்)ஷாவுக்குக் கூட்டிக்கொண்டு போவம்" என்ற பேச்சு வன்னியில் இப்போது பல வீடுகளில் கேட்கிறது. ஏ9 வீதியில் ஆனையிறவைத் தாண்டி, பளைக்குப் போகும் வழியில், இயக்கச்சியில் பண்ணையும் தங்குமிடமும் விளையாட்டிடங்களுமாக அந்த இடம் வந்தபிறகு, இப்படியொரு பூங்காவைப் பார்க்கக் கொழும்புப் பக்கம் போக வேண்டிய தேவை குறைந்துவிட்டது. வெளிநாட்டில் இருந்து சொந்தக்காரர் வந்து நிற்கும் வீடுகளில் ஹங்வெல்லயின் லெஷர் வேர்ல்ட், பண்டாரகமவின் பேர்ள் பே என்று வான் பிடித்துப் போவதும் உண்டு.

இந்தக் கட்டுரை எந்த ஒரு இடத்தைப் பற்றிய முறைப்பாடும் அல்ல. முதல்முறை போகிற குடும்பத்துக்கானது. நெல் வெட்டிய காசிலோ சீட்டுக் காசிலோ மிச்சம் பிடித்து ஒரு நாள், ஓர் இரவு போய்வர நினைக்கும் எங்கள் சனத்திடம் ஒரு கூச்சம் இருக்கிறது. விலையை விபரமாகக் கேட்டால் காசில்லாதவர்கள் என்று நினைப்பார்கள், பாதுகாப்பைப் பற்றிக் கேட்டால் பட்டிக்காடு என்று நினைப்பார்கள் என்ற கூச்சம். நுழைவுச்சீட்டு வாங்கிய அந்த நிமிடமே நீங்கள் சட்டத்தின் பார்வையில் நுகர்வோர். கேட்பது உங்கள் உரிமை.

முதலில் காசு. போகமுன் தொலைபேசியில் அழைத்து, நுழைவுக் கட்டணத்துக்குள் எவை அடங்கும், எவற்றுக்குத் தனியாகக் கட்ட வேண்டும் என்று கேளுங்கள். பிள்ளைக்கு அரைக் கட்டணம் வயதைப் பார்த்தா உயரத்தைப் பார்த்தா? நீச்சல் தடாகத்துக்குள் பருத்தி உடுப்போடு விடுவார்களா, இல்லை அங்கேயே உடுப்பு வாடகைக்கு எடுக்க வேண்டுமா? சாப்பாடு கொண்டு போகலாமா? அறை எடுப்பதானால், சொல்லும் விலைக்குள் 10 வீத சேவைக் கட்டணமும் 18 வீத வற் வரியும் அடங்குமா? மழை பெய்து விளையாட்டுகளை நிறுத்தினால் காசு திரும்பி வருமா, வேறு திகதி தருவார்களா? கார்த்திகை, மார்கழியில் போகிறவர்கள் இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் முற்பணம் கட்ட வேண்டாம். பதிலை வாய்ப்பேச்சில் விடாமல் வட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பச் சொல்லுங்கள். பிறகு ஒரு பிரச்சினை வந்தால் அந்த ஒரு செய்திதான் சாட்சி.

முற்பணத்தை முகநூலில் கண்ட இலக்கத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். பிரபலமான இடங்களின் பெயரிலும் படங்களிலும் போலிப் பக்கம் திறந்து, பாதி விலையில் அறை என்று ஆசை காட்டுவது பழகிப்போன மோசடி. போய்வந்த ஒருவரிடமோ அந்த இடத்திலேயோ இலக்கத்தைச் சரிபார்த்து, நிறுவனத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும் போடுங்கள். ஏமாந்தால் உடனே வங்கிக்கும் பொலிசுக்கும் சொல்லுங்கள். இலங்கைக் கணினி அவசரப் பதில் மையத்தின் 101 என்ற இலக்கமும் இருக்கிறது.

உள்ளே போனபின் தண்ணீர்ப் போத்தலில் இருந்தே உங்கள் உரிமை தொடங்குகிறது. 2025 ஏப்ரலில் இருந்து போத்தல் தண்ணீருக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை உச்ச விலை விதித்தது. 500 மில்லிலீற்றர் 70 ரூபா, ஒரு லீற்றர் 100 ரூபா. பூங்காவுக்குள் இருக்கும் கடை என்பதற்காக இதற்கு மேல் வாங்க முடியாது. உறையில் அச்சிட்ட விலைக்கு மேல் பிஸ்கற்றோ பால்பைக்கற்றோ விற்பதும் குற்றம். பற்றுச்சீட்டு கேட்டால் வியாபாரி கொடுத்தே ஆக வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் சொல்கிறது. "பில் மெசின் வேலை செய்யேல்லை" என்றால் கையால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பயணத்தில் ஆபத்து கூடிய இடம் பூங்கா அல்ல, வீதி. 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல–வெல்லவாய வீதியில் பள்ளத்தில் விழுந்த பஸ்ஸில், சுற்றுலா போய்த் திரும்பிக்கொண்டிருந்த தங்காலை நகரசபை ஊழியர்கள் உட்பட 15 பேர் இறந்தார்கள். வான் பேசும்போது வாடகையை மட்டும் பேசி முடித்துவிடுகிறோம். வருமான அனுமதிப்பத்திரத்தையும் காப்புறுதிப் பத்திரத்தையும் காட்டச் சொல்லுங்கள். காப்புறுதி வாடகைப் பாவனைக்கும் உரியதா என்று பாருங்கள். சொந்தப் பாவனைக்கென்று காப்புறுதி செய்த வானைக் காசுக்கு ஓட்டி விபத்து நடந்தால், நட்டஈட்டை மறுக்க நிறுவனத்துக்கு அது காரணமாகிவிடும். பகல் முழுக்க வெயிலில் நின்ற சாரதியை இரவோடிரவாகத் திருப்பி ஓட வைக்காதீர்கள். ஹங்வெல்லவில் இருந்து முல்லைத்தீவு, களைத்த சாரதி ஓர் இரவில் ஓடுகிற தூரம் இல்லை.

பூங்காவுக்குள் நடக்கும் விபத்துகள் அரிது. நடந்தால் கொடுமையானவை. 2025 ஏப்ரலில் டெல்லியில் ஒரு பூங்காவில் ரோலர் கோஸ்டரில் இருந்து விழுந்து 24 வயதுப் பெண் ஒருவர் இறந்தார். அடுத்த மாதம் சென்னையில், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்கா ஒன்றில் உயரத்தில் நின்றுபோன ராட்டினத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மணிக்கணக்காகத் தொங்கி நின்றார்கள். தீயணைப்புப் படைதான் அவர்களை இறக்கியது. 2024 மே மாதம் குஜராத்தின் ராஜ்கோட்டில் கேளிக்கை விளையாட்டுக் கூடம் ஒன்று தீப்பிடித்து 27 பேர் இறந்தார்கள். அங்கே தீயணைப்புத் துறையின் அனுமதிகூட எடுக்கப்படவில்லை. இவற்றை மனதில் வைத்து ஒரு வேலை செய்யுங்கள். மூடிய கூடம் எதற்குள் போனாலும் இரண்டாவது வாசல் எங்கே என்று முதலில் பாருங்கள்.

ராட்டினத்தில் ஏறி இருந்ததும் மடிக்கு மேல் இறக்கிப் பூட்டும் கம்பியை ஊழியர் பூட்டியபின் நீங்களும் ஒருதரம் மேலே தள்ளிப் பாருங்கள். அசைந்தால், கையை உயர்த்தி ஓட்டத்தைத் தொடங்க விடாதீர்கள். உயர அளவில் ஓர் அங்குலம் குறைந்த பிள்ளையை "பரவாயில்லை, ஏறட்டும்" என்று கெஞ்சி ஏற்றாதீர்கள். அந்தக் கம்பி சிறிய உடம்பைப் பிடிக்காது. சிறுகார் ஓடும் பெண்பிள்ளைகள் கூந்தலை மேலே கட்டி, சால்வையைக் கழற்றிவிட வேண்டும். சில்லில் சால்வை சுற்றி உயிர் போன சம்பவங்கள் உண்டு. தடாகத்தில் மூழ்கும் பிள்ளை கத்தாது, சத்தமில்லாமல் கீழே போகும். ஒரு பெரியவர் தொலைபேசியை வைத்துவிட்டுக் கரையில் இருக்கட்டும், முறை வைத்து மாறிக்கொள்ளுங்கள்.

வாசலில் ஒரு பலகை தொங்கும்: "விபத்துகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல". சில இடங்களில் அதே வசனத்தை அச்சிட்ட தாளில் கையெழுத்தும் வாங்குவார்கள். பலர் இதைக் கண்டதும் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். காயம்பட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டுக்கு வருவதும் அதனால்தான். சட்டம் அப்படி இல்லை. நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் தொடர்பான 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டத்தின்படி, கவனயீனத்தால் ஏற்படும் மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ உள்ள பொறுப்பை வியாபார நிறுவனம் ஒன்று அறிவித்தல் பலகையாலோ ஒப்பந்த வாசகத்தாலோ தட்டிக்கழிக்க முடியாது. பூட்டு பழுதாக இருந்தது, தடாகத்தில் காவலர் இல்லை, உடைந்த படியைத் திருத்தவில்லை என்றால் பொறுப்பு நிர்வாகத்தினுடையது. எச்சரிக்கையை மீறி நீங்கள் செய்தது வேறு கதை. அந்த வேறுபாட்டை நிறுவ ஆதாரம் வேண்டும்.

ஆகவே விபத்து நடந்தால், முதலில் 1990. சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஒருவர் நோயாளியோடு போகட்டும். இன்னொருவர் அங்கேயே நின்று உடைந்த இடத்தையும் பலகையையும் படமெடுத்து, பார்த்தவர்களின் தொலைபேசி இலக்கத்தை வாங்கட்டும். வைத்தியசாலையில் "விழுந்திட்டான்" என்று மட்டும் சொல்லாமல், எங்கே, எதில் இருந்து என்று சொல்லிப் பதிய வையுங்கள். பின்னர் வரும் சட்ட வைத்திய அறிக்கைக்கு அதுதான் அடிப்படை. பொலிசில் முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு, தெற்கில் நடந்தாலும் அப்படித்தான். வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். நிர்வாகம் மருந்துச் செலவுக்குக் காசு தந்து "இனிக் கோரிக்கை இல்லை" என்று எழுதிக் கேட்டால், சட்டத்தரணி ஒருவரிடம் காட்டும்வரை எழுத வேண்டாம். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாதவர்களுக்காகவே சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. காயத்துக்கு நட்டஈடு கேட்கும் வழக்கை இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

எங்கள் மாவட்டங்களில் ஒரு காலையோ கையையோ போரில் இழந்த ஆள் இல்லாத ஊர் இல்லை. சுற்றுலா என்றதும் "நீங்கள் போட்டு வாங்கோ, நான் வீட்டில நிக்கிறன்" என்று அவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். அப்படி ஒதுங்கத் தேவையில்லை. காசு கட்டியோ கட்டாமலோ பொதுமக்கள் போகும் எந்த இடத்துக்கும், இயலாமையைக் காரணம் காட்டி ஒருவரைத் தடுக்கவோ தனி நிபந்தனை போடவோ கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. போகமுன் சாய்தளம் உண்டா, சக்கர நாற்காலி நுழையும் மலசலகூடம் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்றும் கேளுங்கள். கேட்பவர்கள் கூடினால்தான் கட்டுவார்கள்.

இயக்கச்சிப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு விடயம். பளைக்கு அப்பால் முகமாலை, இந்த நாட்டிலேயே மிதிவெடிகள் மிக நெருக்கமாகப் புதைக்கப்பட்ட நிலங்களில் ஒன்று. வழியில் படமெடுக்க வாகனத்தை நிறுத்தினால் பிள்ளைகளைப் பற்றைக்குள் விடாதீர்கள். தலையோட்டுக் குறி போட்ட சிவப்புப் பலகை எங்களுக்குப் பழக்கம். ரொறன்ரோவில் இருந்து வந்த மச்சாளுக்கு அது தெரியாது. சந்தேகமான பொருள் கண்டால் தொடாமல் 119க்கு அறிவியுங்கள்.

உடை மாற்றும் இடத்தில் படம்பிடிப்பு, பிள்ளையிடம் தகாத நடத்தை என்றால் அழைக்க வேண்டிய இலக்கம் சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938. விலை, தரம், சொன்னதைத் தராமை பற்றிய முறைப்பாடு என்றால் 1977, அல்லது மாவட்டச் செயலகத்தில் உள்ள நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை அலுவலகம். தொலைபேசியில் சொன்னதோடு விடாமல் எழுத்தில் கொடுங்கள், பற்றுச்சீட்டின் பிரதியை இணையுங்கள். சேவையைப் பெற்ற நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். வீடு வந்த கிழமையே எழுதிவிடுங்கள்.